சாயம் இறங்காமல் இருக்க: தைக்கும் முன்பிலிருந்து கொடியில் போடும் வரை

சந்தன நிறப் பட்டு ஜாக்கெட் ஒன்று. கை முழுக்க அரக்குச் சிவப்பு நூலில் மாங்காய்க் கொடி. வளைகாப்புக்கு முதல் நாள் வேலை முடிந்தது. டிசைன் பதிக்கப் போட்ட ஜிங்க் பவுடர் ஓரத்தில் வெள்ளையாகத் தெரிந்ததால் ஈரத்துணியால் துடைத்து, சூடாக இஸ்திரி போட்டேன். பெட்டியை எடுத்தபோது ஒவ்வொரு மாங்காயைச் சுற்றியும் ரோஜா நிறத்தில் ஒரு வளையம். நான்கு நாள் வேலை. அந்த நூலில் ஒரு சாண் வெட்டி முதலில் நனைத்துப் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் விஷயம் தெரிந்திருக்கும்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தையலும் ஆரி வேலையும் சொல்லிக்கொடுக்கிறேன். கற்றுக்கொள்ள வரும் பெண்கள் வெட்டுவதையும் தைப்பதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். சாயத்தைப் பற்றி மட்டும் எல்லாம் தைத்து முடித்த பிறகுதான் யோசிக்கிறார்கள். அதற்குள் வெளுப்பும் சிவப்பும் ஒரே துணியாகிவிடுகின்றன. சாயம் போகும் துணியில் இழையோடு ஒட்டாத சாயம் கொஞ்சம் சும்மா உட்கார்ந்திருக்கும். அதை வெளியேற்றுவதுதான் வேலை. துணி, லைனிங், நூல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக, ஒன்றோடொன்று சேர்வதற்கு முன்பே செய்ய வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

இரண்டு வாளி, மூன்று கண்ணாடி டம்ளர், வாசனையும் நீலமும் சேராத துவைக்கும் லிக்விட், பழைய வெள்ளை வேட்டித் துண்டுகள். வேட்டி பலமுறை துவைத்ததாக இருக்கட்டும். புது வெள்ளைத் துணியில் கஞ்சி இருக்கும், சாயம் சரியாக ஏறிக் காட்டாது. எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், வெளிறிய நிறம் அதில் தெரியாது.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் சவராக இருக்கும். உள்ளே வந்தால், அடிக்கும்போது தெளிவாக வந்து, வாளியில் கொஞ்ச நேரம் நின்றதும் மஞ்சளாக மாறும் தண்ணீர் சில தெருக்களில் உண்டு. அது இரும்பு. உப்பும் சுண்ணாம்பும் அதிகமுள்ள தண்ணீரில் ஒட்டாத சாயம் இழையை விட்டு எளிதில் வெளியே வராது. இரும்புத் தண்ணீர் நிறத்தை மங்கலாக்கும்.

சோப்பு நுரைக்காமல் தயிர் மாதிரி திரிந்தால் அந்தத் தண்ணீர் இந்த வேலைக்கு ஆகாது. குடிக்கப் பிடிக்கும் குழாய்த் தண்ணீரில் இரண்டு வாளி ஒதுக்குங்கள். ஐப்பசியில் ஓட்டுக் கூரையிலிருந்து விழும் மழைத் தண்ணீர், முதல் இரண்டு மழை கூரையைக் கழுவிய பிறகு பிடித்தது, இதற்கு மிக நல்லது. வேறு வழியே இல்லையென்றால் இரும்புத் தண்ணீரை இரவு முழுக்க வாளியில் விட்டு, காலையில் மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து எடுங்கள். சவர் தண்ணீர் அப்படித் தெளியாது.

2. என்ன இழை என்று பாருங்கள்

கடைக்காரர் சொன்ன பெயரை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். “சில்க் திரெட்” என்று விற்கும் பளபளப்பான ஆரி நூல் பெரும்பாலும் ரேயான். அதைப் பட்டு என்று நினைத்துப் பட்டுக்குரிய முறையில் அலசினால் சாயம் முழுதாக வெளியே வராது.

ஓரத்திலிருந்து நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தட்டின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி அல்லது ரேயான். முடி கருகும் வாடையோடு, விரலில் நசுங்கும் கறுப்புத் தூளானால் பட்டு. உருகிக் கெட்டியான மணியாக உறைந்தால் பாலியஸ்டர். பாலியஸ்டர் நூல் வீட்டுத் துவைப்பில் பொதுவாகச் சாயம் விடாது. அதிகச் சூட்டில் இஸ்திரி போட்டால்தான் அடர்நிறப் பாலியஸ்டர் பக்கத்துத் துணிக்கு நிறத்தைக் கடத்தும்.

3. மூன்று டம்ளர் சோதனை

இதைச் செய்ய ஒரு மணி நேரம் ஆகும். இதைத் தவிர்த்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள், ஏனென்றால் இனி எதைச் செய்வது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

துணியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சதுரம் வெட்டுங்கள். நூல் என்றால் ஒரு சாண் நீளத்தில் ஏழெட்டு இழை. அதை ஒரு வெள்ளை வேட்டித் துண்டோடு சேர்த்து இரண்டு தையல் போடுங்கள். பருத்தியும் ரேயானும் கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில், ஒரு சொட்டு லிக்விடோடு, 20 நிமிடம். பட்டு என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 நிமிடம் போதும். எடுத்து, புதுத் தண்ணீர் ஊற்றிய இரண்டாவது டம்ளரில் அதே மாதிரி. பிறகு மூன்றாவது. மூன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில், பின்னால் வெள்ளைத் தாள் வைத்துப் பாருங்கள்.

முதல் டம்ளர் நல்ல சிவப்பு, இரண்டாவது இளஞ்சிவப்பு, மூன்றாவது தெளிவு என்றால் பயமில்லை. மேலே தங்கிய சாயம் மட்டும் போகிறது. அலசினால் தீர்ந்துவிடும்.

மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நிறம் என்றால் அந்தச் சாயம் இழையைப் பிடிக்கவே இல்லை. எத்தனை முறை அலசினாலும் இறங்கிக்கொண்டே இருக்கும், துணியும் வெளுத்துக்கொண்டே போகும். இதை வெளிர் நிறத்தோடு சேர்க்காதீர்கள்.

இப்போது தண்ணீரை விட்டுவிட்டு வேட்டித் துண்டைப் பாருங்கள். புதிதாகக் கற்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். டம்ளரில் தண்ணீர் கலங்கியிருந்தும் வேட்டித் துண்டு வெள்ளையாகவே இருக்கலாம். இறங்கிய சாயத்தை லிக்விட் தண்ணீரிலேயே நிறுத்தி வைக்கிறது, வேறு துணியில் ஏற விடவில்லை என்று அர்த்தம். தண்ணீர் லேசாகத்தான் கலங்கியது, ஆனால் வேட்டித் துண்டு ரோஜா நிறமானது என்றால் அதுதான் ஆபத்தான துணி.

ஈரத்தோடு அந்த ஜோடியைச் சுருட்டி ஒரு கிண்ணத்தில் போட்டு இரவு விட்டுவிடுங்கள். துவைத்த துணியை வாளியிலேயே மறந்துபோவது எந்த வீட்டிலும் நடக்கும். அப்போது என்ன ஆகும் என்பதைக் காலையில் அந்தச் சுருள் காட்டிவிடும்.

கடைசியாக, காய்ந்த வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, சோதிக்கும் துணி மேல் பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். தண்ணீரில் சாயம் விடாமல் தேய்த்தால் மட்டும் ஒட்டுகிற துணி உண்டு. அவுரி நீலச் சாயத்தில் தோய்த்ததும், நாப்தால் என்ற ரசாயனச் சாயத்தில் சிவப்பு ஏற்றிய கைத்தறி நூலும் சில சமயம் அப்படி இருக்கும். இழைக்குள் போகாமல் மேலே படிந்த துகள்தான் அது. சூடான சோப்புத் தண்ணீரில் நன்றாக அலசினால் பெருமளவு குறையும்.

4. உப்பு, வினிகர், படிகாரம்

“அக்கா, உப்புத் தண்ணியில ஊற வச்சா சாயம் நிக்கும்னு எங்க அம்மா சொன்னாங்க.” ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பெண்ணாவது இதைச் சொல்லிவிடுகிறாள். அவள் அம்மா பொய் சொல்லவில்லை. உப்புப் போட்ட வாளியில் தண்ணீர் கலங்குவது நிஜமாகவே குறையும். சாயத் தொட்டியில் உப்பு சாயத்தை இழை பக்கம் தள்ளும், வாளியிலும் அதையேதான் செய்கிறது. ஆனால் தள்ளுவது வேறு, பிணைப்பது வேறு. அடுத்த வாரம் நல்ல தண்ணீரில் நனைத்ததும் நிறுத்தி வைத்த சாயம் அப்படியே இறங்கும். அதனால்தான் உப்பில் ஊற வைத்த துணி முதல் துவைப்பில் நல்லபிள்ளையாக இருந்து மூன்றாவது துவைப்பில் பக்கத்துத் துணியைக் கெடுக்கிறது.

வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் உதவும். அவற்றுக்குப் போடும் சாயம் புளிப்பில் பிடிப்பது. பருத்தியில் வினிகர் சாயத்தைக் கட்டாது. கடின நீரில் சோப்பு படிந்து துணி சாம்பல் பூத்திருந்தால் அந்தப் படலத்தை எடுக்கும், அவ்வளவுதான்.

படிகாரம் இயற்கைச் சாயம் ஏற்றும்போது சேர்க்க வேண்டிய பொருள். தைத்த ஜாக்கெட்டைப் படிகாரத் தண்ணீரில் முக்குவதால் பலனில்லை.

5. பருத்தித் துணியை அலசுவது

வெட்டுவதற்கு முன், முழுத் துணியாக. சாயமும் போகும், சுருங்க வேண்டியதும் சுருங்கிவிடும்.

முதலில் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம். புதுத்துணியில் உள்ள கஞ்சி இளகட்டும். கஞ்சியோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும் சாயம் இப்போதே வரும். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றாதீர்கள், கஞ்சி குழைந்து துணியில் திட்டுத்திட்டாகப் பிடிக்கும்.

அடுத்து சூடு. வாளியில் பாதித் தண்ணீர், அண்டாவில் கொதித்தது பாதி. ஒரு மூடி லிக்விட். துணி தாராளமாக நீந்த வேண்டும். மூன்று மீட்டர் துணிக்குக் குறைந்தது 10 லிட்டர். தண்ணீர் குறைந்தால் வெளியே வந்த சாயம் போக இடமில்லாமல் திரும்பத் துணியிலேயே ஏறும். மரக்கரண்டியால் அடிக்கடி புரட்டுங்கள். மடிந்து கிடந்த இடத்தில் கோடு விழும். 20 நிமிடம் கழித்து, தண்ணீர் ஆறுவதற்குள் எடுத்துவிடுங்கள்.

பிறகு வெறும் தண்ணீரில் அலசல். அலசிய தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு பாருங்கள். இன்னும் நிறமிருந்தால் சூட்டுத் தண்ணீர்ச் சுற்றை மறுபடி செய்யுங்கள். அடர் மெரூனும் கறுப்பும் மூன்று சுற்று கேட்கும். நான்காவது சுற்றிலும் குறையவில்லை என்றால் நிறுத்திவிட்டு 7-ஆம் பகுதிக்குப் போங்கள்.

6. நூலை அலசுவது

நூலை அலசலாம் என்று சொன்னாலே பலர் திகைக்கிறார்கள், சிக்கல் விழுந்துவிடும் என்று. கட்டுகிற விதத்தில் கட்டினால் விழாது.

ரீலில் இருக்கும் நூலை அப்படியே தண்ணீரில் போடக் கூடாது. வெளிச் சுற்று மட்டும் அலசப்பட்டு உள் சுற்றில் சாயம் அப்படியே இருக்கும். அந்த உள்சுற்று நூல்தான் வேலையின் கடைசி மூலையில் போய்ச் சாயம் விடும். நாற்காலியின் முதுகில் நூலைச் சுற்றிச் சிட்டம், அதாவது தளர்ந்த வளையக் கற்றை, ஆக்குங்கள். எடுப்பதற்கு முன் நான்கு இடத்தில் கட்டுப் போடுங்கள். கட்டும் நூல் வெள்ளைப் பருத்தியாக இருக்கட்டும், சிட்டத்தை இரண்டாகப் பிரித்து நடுவில் எட்டு வடிவத்தில் ஓடட்டும். இறுக்கிக் கட்டினால் அந்த இடத்துக்குள் தண்ணீர் போகாது. விரல் நுழையும் தளர்வு வேண்டும்.

வெள்ளை நூலில் கட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அலசி முடித்துக் காய்ந்த பிறகு அந்த நாலு கட்டையும் அவிழ்த்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வெள்ளையாகவே இருந்தால் நூல் தயார். லேசாக நிறம் ஏறியிருந்தால் இன்னொரு சுற்று. இதைவிட நம்பகமான சோதனையை நான் கண்டதில்லை, நாளை துணிக்கு நடக்கப்போவதை அந்தக் கட்டு இன்றே சொல்லிவிடுகிறது.

ரேயான் நூலுக்குப் பருத்தி முறையேதான், ஆனால் ஈரத்தில் ரேயான் பலம் குறைந்துவிடும். முறுக்கிப் பிழியாதீர்கள். துண்டில் சுருட்டி அழுத்தி, கம்பில் மாட்டி, கீழே ஒரு சின்ன எடையைத் தொங்கவிட்டு உலர்த்துங்கள்.

7. டை பிக்ஸர் எப்போது

மூன்று டம்ளரும் நிறம் விட்ட பருத்திக்கும் ரேயானுக்கும் மட்டும். சாயப்பொருள் கடையில் டை பிக்ஸர் என்று கேட்டால் கிடைக்கும். சாயத்தோடு சேர்ந்து, தண்ணீரில் எளிதில் கரையாத பொருளாக அதை மாற்றுவதுதான் இதன் வேலை. ஒட்டாத சாயத்தை முடிந்தவரை இறக்கிய பிறகே போட வேண்டும். முன்பே போட்டால் மேலே சும்மா இருக்கும் சாயத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தேய்த்தால் ஒட்டும் துணியாக்கிவிடும்.

துணியில் சோப்பு மிச்சம் இருக்கவே கூடாது. பிக்ஸரும் சோப்பும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு பிசுக்காகப் படியும். இரண்டு முறை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, பாக்கெட்டில் போட்ட அளவின்படி செய்யுங்கள். முதலில் வெட்டுத் துண்டில் பாருங்கள், சில நிறங்கள் சற்று மாறும். வெயில் தாங்கும் தன்மையும் சில சாயங்களில் குறையும், அதனால் ஜன்னல் திரைக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பிக்ஸர் போட்ட பிறகும் மூன்று டம்ளர் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அப்போதும் வேட்டித் துண்டில் ஏறினால் அந்த நூலை அதே நிறத் துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

8. லைனிங், பால்ஸ், குஞ்சம்

ஜாக்கெட் துணியை ஆயிரம் பார்வை பார்த்து வாங்குகிறவர்கள் லைனிங்கைக் கேட்ட மாத்திரத்தில் வாங்கி வெட்டிவிடுகிறார்கள். மலிவான அடர்நிற லைனிங் வியர்வையிலேயே அக்குளில் சாயம் விடும். புடவையின் கீழோரத்தில் உள்பக்கம் வைத்துத் தைக்கும் பால்ஸ் பட்டையும் அப்படித்தான். புடவைக்குப் பொருத்தமான அரக்கு நிறத்தில் பருத்தி பால்ஸ் தைத்து, முதல் நனைப்பில் கரையோரம் முழுக்கக் கறை ஏறிய புடவைகள் என்னிடம் எத்தனையோ வந்திருக்கின்றன. 5-ஆம் பகுதி இரண்டுக்கும் பொருந்தும்.

குஞ்சம் கட்டும் நூலைக் கட்டுவதற்கு முன் அலசுங்கள். கட்டிய குஞ்சத்தின் தலைக்குள் தண்ணீர் போகும், சாயம் முழுதாக வெளியே வராது.

9. பட்டு

திருபுவனத்துப் பட்டு மாதிரி உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் ஜரிகையும் உள்ள கலியாணப் புடவையை வீட்டில் நனைக்காதீர்கள். டிரை வாஷ்தான். இரண்டு அடர்நிறங்கள் ஏற்கெனவே சேர்த்து நெய்யப்பட்டிருக்கின்றன. தனித்தனியாக அலசும் வாய்ப்பு தறியிலேயே முடிந்துவிட்டது.

ஒரே நிறச் சாதாப் பட்டும் ஜாக்கெட் துணியும் வீட்டில் அலசலாம். பச்சைத் தண்ணீர், பூந்திக்கொட்டை ஊறிய நுரை அல்லது பட்டுக்கென விற்கும் லிக்விட். துவைக்கும் தூளின் காரம் பட்டையும் கெடுக்கும், சாயத்தையும் இறக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்துவிடுங்கள், ஊற வைக்காதீர்கள். கடைசி அலசலில் 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர். ஜரிகை இருந்தால் வினிகர் வேண்டாம், செம்பு கலந்த ஜரிகை கறுக்கலாம்.

10. ஐப்பசியில் உலர்த்துவது

தீபாவளித் துணி தைத்து முதலில் நனைவது நம் பக்கம் அடைமழைக் காலத்தில். நனைத்தபோது பக்கத்து நிறத்தில் ஏறாத சாயம்கூட, நாலு மணி நேரம் ஈரமாகவே தொங்கும்போது அங்கே நகர்ந்துவிடும். தண்ணீர் எங்கே கடைசியாகக் காய்கிறதோ அங்கே சாயம் சேரும். அதனால் சீக்கிரம் காய வைப்பதும் பாதுகாப்புதான்.

அலசியதும் வாளியில் வைக்காமல், பழைய வெள்ளைத் துண்டில் பரப்பிச் சுருட்டி அழுத்துங்கள். இரண்டு நிறமுள்ள ஜாக்கெட்டின் உள்ளே, முன் பின் பாகங்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைத் துண்டு வையுங்கள். கூடத்தில் மின்விசிறிக்கு நேரே, மடிப்பில்லாமல் விரித்துப் போடுங்கள். கொடியில்தான் தொங்கவிட வேண்டும் என்றால் அடர்நிறப் பக்கம் கீழே இருக்கட்டும். தண்ணீர் கீழே இறங்கும், சிவப்பு மேலே இருந்தால் வெள்ளை வழியாகத்தான் வடியும்.

11. நாளடைவில் வெளுக்காமல் இருக்க

வெயில் காலத்தில் நேர் எதிர்ச் சிக்கல். சித்திரை வெயிலில் மத்தியானம் முழுக்கக் கொடியில் கிடந்தால் எந்தச் சாயமும் தளரும். உள்பக்கம் வெளியே வரத் திருப்பி நிழலில் போடுங்கள், காய்ந்ததும் எடுங்கள். கல்லில் அடித்துத் துவைத்தால் சாயம் போவதைவிட இழை நைந்து மேலே பஞ்சு பூக்கும். அதில் வெளிச்சம் சிதறித் துணி வெளுத்ததாகத் தெரியும். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் நிறத்துணியை முக்காதீர்கள். ‘பளிச்சிடும் வெண்மை’ என்று விற்கும் தூள்கள் வெள்ளைத் துணிக்கானவை, அடர்நிறத்தில் ஒரு வெளிறிய பூச்சு விழும்.

12. ஏற்கெனவே ஒட்டிவிட்டால்

காய விடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். சூடு பட்ட கறை பிறகு எளிதில் விடாது. ஈரமாக இருக்கும்போதே முழுத் துணியையும், கறை பட்ட இடத்தை மட்டும் அல்லாமல், பெரிய அண்டாத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். இடம் பார்த்துத் தேய்த்தால் கறை வளையமாகப் பரவும்.

பருத்தி என்றால் சூடான தண்ணீரில் இரண்டு மூடி லிக்விட் போட்டு, துணி மேலே மிதக்காமல் ஒரு தட்டால் அமுக்கி, ஏழெட்டு மணி நேரம் விடுங்கள். தண்ணீர் நிறமேறினால் மாற்றிவிட்டு மறுபடி. இரண்டு மூன்று நாள் பொறுமையாகச் செய்து மீட்ட துணிகள் உண்டு. பட்டு என்றால் பச்சைத் தண்ணீரில், பட்டு லிக்விடோடு, பத்துப் பத்து நிமிடமாகத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். பட்டில் பிளீச்சிங் பவுடர் பட்டால் கறையோடு பட்டும் கரைந்துபோகும்.

அந்தச் சந்தன நிற ஜாக்கெட்டை நான் காய வைத்த பிறகுதான் இதையெல்லாம் செய்து பார்த்தேன், வளையம் போகவில்லை. கையை மட்டும் பிரித்து, வேறு துணி போட்டு, அலசிய நூலில் மாங்காய்க் கொடியை மறுபடி போட்டுக் கொடுத்தேன். இப்போது கொடுத்தனுப்பும் ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் ஒரு சீட்டு குத்தி அனுப்புகிறேன்: முதல் மூன்று முறை தனியாக, பச்சைத் தண்ணீரில், ஊற வைக்காமல், பிழிந்த உடனே விரித்துப் போடவும். கூடவே அலசிய அதே நூலில் ஒரு முழம் சுற்றி வைக்கிறேன். எங்காவது தையல் விட்டால் கடையில் புது நூல் வாங்கிப் போட வேண்டியிருக்காது.